சடையாண்டி மட்டும் போதும்

மலைமேல் தனியாக இருந்த சாமியாரிடம் யோசனை கேட்க வருகிறவர்களில் பாதிப் பேர், முடிவை வீட்டிலேயே எடுத்துவிட்டுத்தான் வருவார்கள். அவருடைய பழைய சீடர், சுரங்க மேலாளர் கோவர்த்தனனும் அப்படித்தான் வந்தார்.

"தாதுக்கல்லை மேலே கொண்டுவர ரெண்டு வழி இருக்கு சாமி. இப்போ சரிவுப் பாதையில பத்துப் பன்னிரண்டு பேர் வண்டி தள்ளிக்கிட்டு வர்றாங்க. அதை விட்டுட்டு நேரா ஒரு குழி இறக்கி, வாளியை மோட்டார்ல இழுத்துடலாமான்னு பார்க்கிறேன். நாளைக்கு முடிவு சொல்லணும்."

"தள்ளுறதுல என்ன குறை?"

"முன்னால போறவன் 'ஓய்'ங்கிறான். பின்னால வர்றவன் 'ஓய்'னு பதில் சொல்லணும். பதில் வரலைன்னா வண்டிக்குக் கட்டை போட்டுட்டு ஆளைத் தேடப் போயிடுறாங்க. ஓய் சொல்லியே பாதி நாள் போகுது."

"வாளி வெச்சா?"

"அடியில நின்னு வாளியை நிரப்ப, வண்டி தள்ளுறவங்கள்ல சடையாண்டி மட்டும் போதும்."

"அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"கல்லு வந்துக்கிட்டு இருந்தா ஆள் நல்லா இருக்கான்னுதானே சாமி அர்த்தம்?"

சாமியார் அவரைப் பின்பக்கம் அழைத்துப் போனார். அங்கே தண்ணீர் வற்றிய கிணறு ஒன்று. அடியில் இடிந்த கற்கள் கிடந்தன.

"சுவர் வைக்கக் கல்லு வேணும்ப்பா. இறங்கி அனுப்புறியா?"

கோவர்த்தனன் இறங்கியதும் ஏணி மேலே போய்விட்டது. வாளி வந்தது. நிரப்பினார். மேலே போய் வெறும் வாளியாகத் திரும்பி வந்தது. முதலில் உற்சாகமாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கல் சரிந்து கால் விரலை நசுக்கியது.

"சாமி! அடிபட்டிருச்சு சாமி!"

வாளி வந்து அவர் முன்னால் ஆடிக்கொண்டு நின்றது. அதையும் நிரப்பினார், வேறென்ன செய்வது? வாளி அசைந்தால்தான் மேலே யாரோ இருக்கிறார் என்று தெரிந்தது.

தலைக்கு மேல் வட்டமாகக் கொஞ்சம் வானம். அதில் ஒரு முகமும் எட்டிப் பார்க்கவில்லை. இவ்வளவு தனியாக அவர் வாழ்க்கையில் இருந்ததே இல்லை. கடைசியில் வெட்கத்தை விட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஓய்!"

பதில் இல்லை. இன்னொரு முறை கத்தினார். வாளி வந்தது.

பொழுது சாயும்போது ஏணி இறங்கியது. நொண்டிக்கொண்டே ஏறி வந்தவருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"நான் கூப்பிட்டது காதுல விழலையா சாமி?"

"விழுந்துச்சு."

"அப்புறம் ஏன் எட்டிக்கூடப் பார்க்கலை?"

சாமியார் குவிந்து கிடந்த கற்களைக் காட்டினார்.

"கல்லு வந்துக்கிட்டுதானேப்பா இருந்துச்சு."