கனகாம்பரத்துக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

கோணக்குளத்தில் அறிவாளிகளுக்குக் குறைவே கிடையாது. அதிலும் வெயிலுகந்தான், கோட்டையப்பன், சீனிச்சாமி மூன்று பேரும் கூடி யோசித்தால் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். அவ்வளவு மரியாதை.

சித்திரை மாதம் வெயிலுகந்தானின் செவலை ஆடு காணாமல் போனது. "தாயே, ஆடு கிடைச்சா என் கையால கனகாம்பரம் வளத்து, ஆடி கடைசி வெள்ளிக்கு உனக்கு மாலை போடுறேன்" என்று அம்மனிடம் வேண்டிக்கொண்டான். மறுநாளே ஆடு வந்து நின்றது. மாலை தவறினால் கொடுத்தவள் திரும்ப வாங்கிக்கொள்வாளே என்று அன்றைக்கே கூட்டாளிகளோடு நாற்றுப்பண்ணைக்கு ஓடினான்.

நாற்றுப்பண்ணைக்காரர் செடியைக் கையில் கொடுத்து, "நிழல் பிடிக்கிற செடிப்பா இது. பக்கத்துல பொருத்தமா ஒரு துணைச் செடி பாத்து வை" என்றார்.

"நிழல்லயே வச்சா எதைப் போய்ப் பிடிக்கும்? வெட்டவெளியில விடு மாப்ள, தானா பிடிக்கும்" என்றான் கோட்டையப்பன். நியாயம்தானே! நட்டார்கள். தன் நிழலைப் பிடித்துவிடப் போகிறதே என்று சீனிச்சாமி அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாம் நாள் செடி தலையைத் தொங்கப் போட்டது.

"ஏங்குது மாமா" என்றான் வெயிலுகந்தான், கண் கலங்க. "துணை வேணும்னாரே, பாத்தமா நாம?"

"பூ வைக்கிறதால இது பொண்ணு. பொருத்தமா மாப்பிள்ளை பாக்கணும்" என்று முடிவாயிற்று. வெற்றிலை பாக்கோடு கிளம்பினார்கள்.

"எருக்கு?"

"மூணாந்தாரத்துக்குத்தான் எருக்கைக் கட்டுவாங்க. நம்ம புள்ளைக்கு இது முதல் கல்யாணம்டா!"

"தொட்டாச்சிணுங்கி?"

"மாமியா ஒரு வார்த்தை சொன்னா சுருண்டுக்குவான். குடும்பத்துக்கு ஆகாது."

"கள்ளி?"

"தாலி கட்டுறப்பவே கழுத்துல குத்திருவான்."

வாய்க்கால் ஓரத்தில் ஒரு சேம்பு நின்றது. குடை மாதிரி இலை. சீனிச்சாமி ஒரு கை நீரை அள்ளி ஊற்றினான். முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"மாப்ள! தண்ணி ஒட்டலை! இந்தக் காலத்துல தண்ணி தொடாத மாப்பிள்ளை லேசுல கிடைக்குமா?"

அங்கேயே வெற்றிலை மாற்றி, வேரோடு அழைத்து வந்து, மஞ்சள் கயிறு கட்டிப் பக்கத்தில் நட்டார்கள். அகல இலை நிழல் விழுந்ததும் கனகாம்பரம் நிமிர்ந்துகொண்டது. ஆடி பிறந்ததும் பூத்துக் குலுங்கியது. எல்லாம் கல்யாண ராசி என்றார்கள்.

கடைசி வெள்ளியும் வந்தது. வெயிலுகந்தான் குளித்து, விபூதி பூசி, பூவில் கை வைத்தான்.

"அடப் பாவி!" கோட்டையப்பன் அலறினான். "புருசன் பக்கத்துல நிக்கிறப்ப, கட்டினவ தலையில இருக்கிற பூவைப் பறிப்பியா?"

கை வெடுக்கென்று பின்வாங்கியது. "அப்ப என் ஆடு?"

"அவளே அம்மனுக்குக் கொடுக்கட்டும். சுமங்கலிக்குச் சுமங்கலி."

"பூவைப் பறிச்சுத் தொலைங்களேன்யா" என்றாள் வெயிலுகந்தான் மனைவி குருவம்மாள். பாவம், விவரம் போதாது என்று மூன்று பேரும் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

தம்பதியை வேர் மண்ணோடு பெயர்த்து, ஒரே தொட்டியில் வைத்துத் தூக்கிப் போய் அம்மன் முன்னால் வைத்தார்கள். காணாமல் போய்க் கிடைத்தது இதுதான் என்று சாட்சிக்கு ஆட்டையும் பக்கத்துத் தூணில் கட்டினார்கள். "கொடு தாயி" என்று சொல்லிவிட்டு நின்றார்கள். அரை மணி ஆயிற்று. செடி அசையவில்லை.

"இத்தனை ஆம்பளைங்க முறைச்சுப் பாத்தா புதுப்பொண்ணு கூசாதா?" என்றார் பூசாரி. அவருக்கும் கோணக்குளம்தான் சொந்த ஊர். கோயிலே காலியாயிற்று. ஊர்ச் சனம் முழுக்க வெளியே வந்து, அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கை கூப்பி நின்றது. உள்ளே சலங்கை மாதிரி ஏதோ குலுங்கியது. ஆட்டின் கழுத்து மணி என்று யாருக்குத் தோன்றும்?

திரும்பி வந்தபோது செடியில் ஒரு பூ இல்லை.

"கொடுத்துட்டா! அம்மன் வாங்கிக்கிட்டா!" வெயிலுகந்தான் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். எழுந்து பார்த்தால், ஆட்டின் தாடியில் ஆரஞ்சு நிறத்தில் ஓர் இதழ். "பாத்தியா மாமா, இதுக்கும் பிரசாதம் கொடுத்திருக்கா!"

சேம்பில் மட்டும் வாய் படவில்லை. தின்றால் தொண்டை அரிக்கும் என்று ஆட்டுக்குத் தெரியும்.

கோட்டையப்பன் அந்த இலையைத் தட்டிக் கொடுத்தான். "மாப்பிள்ளையை அம்மன் தொடவே இல்லை கவனிச்சியா? தண்ணி ஒட்டாத பயன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்குடா!"