பதினேழாவது கூடு

"இன்னும் படிச்சு முடிக்கலம்மா. முடிச்சதும் சொல்றேன்."

படகுத்துறையில் நின்ற மதிவதனியின் காதில் இது தற்செயலாக விழுந்தது. போனில் பேசியவர் ஞானப்பிரகாசம். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் ஆசிரியர். நாற்பத்தேழு வயதில் மதிவதனியிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்து, அணை நீருக்கு நடுவே இருக்கும் தீவில் கூடு வைக்கும் ஆலாப் பறவைகளைக் கவனித்து வருகிறார். வழிகாட்டியான மதிவதனி அவரைவிடப் பதினொரு வயது இளையவர். அவர் மேடம் என்பார். இவர் சார் என்பார்.

ஆய்வைப் பற்றித்தான் பேசுகிறார் என்று மதிவதனி நினைத்துக்கொண்டார்.

படகு பாதித் தூரம் போனபோது ஞானப்பிரகாசம் கேட்டார்.

"மேடம், ஒரு சந்தேகம். குஞ்சு பொரிக்கிறதுதான் அடுத்த தலைமுறையில மிஞ்சும். அப்படின்னா பெண்ணும் பெண்ணும் சேர்றது இயற்கையில எப்படி அழியாம நிக்குது?"

"பதினேழாவது கூட்டைச் சொல்றீங்களா சார்?"

"பொதுவாத்தான் கேக்கறேன்."

மதிவதனி துடுப்பை நிறுத்தவில்லை. "நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

அவர் நிறையப் படித்திருந்தார்.

"பிள்ளை பெறாதவங்க அண்ணன் தம்பி பிள்ளைகளை வளர்க்க உதவுவாங்க, அதனால நிக்குதுன்னு ஒரு கட்சி. அவளுக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல. இதுக்குக் காரணமான மரபணுவே கூடப்பிறந்தவங்களுக்கு நிறையப் பிள்ளைகளைத் தரும்னு இன்னொரு கட்சி. கூடப்பிறந்தவங்களே இல்லையே. கருவுல இருக்கும்போதே சுரப்பிகள் செய்யற வேலைன்னு மூணாவது. அதை அவ அம்மாகிட்ட நான் எப்படிக் கேக்கறது? எதுவுமே எங்க வீட்டுக்குப் பொருந்தல."

"உங்க வீட்டுக்கா?"

ஞானப்பிரகாசம் தண்ணீரைப் பார்த்தார்.

பிறகு சொன்னார். மகள் ஜெசிந்தா கோவையில் வேலை பார்க்கிறாள். பொங்கலுக்கு வந்தபோது, இனி மாப்பிள்ளை பார்க்க வேண்டாம் என்றாள். சுபாஷிணி என்ற பெண்ணோடு வாழ்கிறாளாம். இரண்டு வருடமாக.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"படிச்சுட்டுச் சொல்றேன்னேன்."

"எத்தனை நாளாச்சு?"

"பதினோரு வாரம். இந்தச் சனிக்கிழமை ரெண்டு பேரும் வேலை மாறி புனே போறாங்க. அதுக்குள்ள நான் ஒரு பதில் சொல்லியாகணும்."

"படிக்க இன்னும் எவ்வளவு பாக்கி?"

"நாப்பது கட்டுரை."

தீவு வந்துவிட்டது.

ஆலாக்களில் ஆணும் பெண்ணும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். அதனால் அந்த ஆய்வில் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். மீனைக் கொண்டுவந்து கொடுப்பது ஆண், வாங்கிக்கொள்வது பெண். பதினேழாவது கூட்டில் இரண்டும் கொடுத்தன, இரண்டும் வாங்கின. கொஞ்சம் அதிகமாகக் கொடுத்ததை ஞானப்பிரகாசம் ஆண் என்று எழுதிவிட்டார். ஐந்து முட்டைகள் இருந்தன. அந்தத் தீவில் வேறெந்தக் கூட்டிலும் மூன்றுக்கு மேல் இருந்ததில்லை. அவர் மூன்று முறை எண்ணிப் பார்த்துவிட்டு, 'எண்ணியதில் பிழை இருக்கலாம்' என்று ஓரத்தில் குறித்துவைத்தார். போன வாரம் இறகுப் பரிசோதனையின் முடிவு வந்தது. இரண்டும் பெண். பக்கத்துக் கூட்டு ஆண் ஏதாவதோடு கூடி, இரண்டுமே ஒரே கூட்டில் முட்டையிட்டிருக்க வேண்டும்.

"பேசாம பதினேழை ஆய்விலேர்ந்து எடுத்துடலாமா மேடம்? அந்த ஒண்ணை எடுத்துட்டா மத்ததெல்லாம் ஒழுங்கா வந்துடும்."

"எடுக்கறதை அப்புறம் பாக்கலாம். இன்னைக்குப் பாக்க வேண்டியதைப் பாருங்க."

மறைப்புத் துணிக்குப் பின்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். மரமோ புதரோ இல்லாத தீவு. வெயிலில் காய்ந்த கூழாங்கல்லில் கை வைக்க முடியவில்லை. ஐந்து முட்டைகளில் இரண்டு பொரிந்திருந்தன. குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின. ஒரு பறவை அவற்றின்மேல் நிழலாக நின்றது. மற்றது பறந்துபோய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு திரும்பியது. நின்றது நகர, வந்தது உட்கார்ந்தது. ஈர வயிற்றின் அடியில் குஞ்சுகள் அடங்கின. இப்போது முதலில் நிழலாக நின்றது பறந்து போனது.

"எவ்வளவு நேரத்துக்கு ஒருதடவை மாறுது சார்?"

"கால் மணி நேரம்."

"நடுவுல குஞ்சு வெயில்ல கிடந்துச்சா?"

"இல்ல மேடம். ஒண்ணு வந்து உக்காந்த பிறகுதான் இன்னொண்ணு போகுது."

"எழுதுங்க."

எழுதினார்.

"ரெண்டும் சேர்ந்ததுக்குக் காரணம்?"

"தெரியல."

"அதையும் எழுதுங்க."

பேனா நின்றது. "காரணமே தெரியாம நான் எப்படி மேடம் அவளுக்குப் பதில் சொல்றது?"

மதிவதனி தொலைநோக்கியைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"நீங்க பொண்ணு பாக்கப் போனப்ப எத்தனை கட்டுரை படிச்சுட்டுப் போனீங்க?"

"எங்க படிச்சேன்? போய் பஜ்ஜி தின்னேன்."

"பிடிச்சிருந்துச்சா?"

"பஜ்ஜியா?"

"அவங்களை சார்."

ஞானப்பிரகாசம் சிரித்துவிட்டார். பறவை தலையைத் திருப்பிப் பார்த்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பிடிச்சிருந்துச்சு. உள்ளே இருந்து யாரையோ அதட்டிக்கிட்டே வந்தா. அதுல என்ன பிடிச்சதுன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

 நனைந்த பறவை திரும்பி வந்தது.

"ஜெசிந்தா உங்ககிட்ட என்ன கேட்டா?" என்றார் மதிவதனி.

"புனேக்குப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒருநாள் வீட்டுக்கு வரலாமான்னு."

"காரணம் கேட்டாளா?"

ஞானப்பிரகாசம் பேனாவை மறுபடி எடுத்தார். நோட்டைப் பின்னுக்குப் புரட்டினார். பதினேழாவது கூட்டின் பக்கத்தில் 'ஆண்' என்றிருந்ததை அடித்துப் 'பெண்' என்று எழுதினார். 'எண்ணியதில் பிழை இருக்கலாம்' என்பதையும் அடித்தார்.

படகு கரை சேர்ந்தபோது துறையில் அன்றைய மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் போனை எடுத்தார்.

"ஜெசி, அந்தப் பொண்ணு மீன் சாப்பிடுமா?"

அந்தப் பக்கம் பேசியதை வெகுநேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு மீன்காரரிடம் போய், வியாழக்கிழமை நாலு பேருக்கு ஆகிற மாதிரி ஒரு நல்ல கட்லாவாக எடுத்து வைக்கச் சொன்னார்.