விலாங்கின் வயது காதுக்குள் போன கதை

அந்தக் காலத்தில் ஆற்றில் இருந்தவர்கள் எல்லோருக்கும் பேச்சு பொதுவாக இருந்தது. சாப்பாடுதான் பொதுவாக இல்லை. நீர்நாய்கள் தின்றன, மீன்கள் தின்னப்பட்டன. கெண்டை, கெளுத்தி, விரால், விலாங்கு எல்லோருக்கும் அப்போது ஒரே வழுவழுப்பான தோல்தான். யாருக்கு என்ன வயது என்று பார்த்துச் சொல்ல முடியாது. நீர்நாய்களும் கேட்டுவிட்டுத் தின்றதில்லை. நேற்றுப் பிறந்த குஞ்சும் போயிற்று, முட்டை சுமந்தவளும் போனாள். ஆறு காலியாகிக்கொண்டு வந்தது.

எதிர்த்துக் கிளம்பியவர்கள் விலாங்குகள். நீர்நாய் வளைகளுக்குத் தண்ணீருக்குள்தான் வாசல். ஒரு கோடையில் நாற்பது விலாங்குகள் அந்த வாசல்களில் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டு படுத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவனால் வெளியே வர முடியவில்லை, வெளியே இருந்தவனால் வீடு திரும்ப முடியவில்லை. இதை நடத்தியவள் நெட்டச்சி என்ற விலாங்கு. அவள் பக்கத்தில் கிடந்தவள் சேற்றாயி. இருவரும் ஒரே வருடத்து வெள்ளத்தில், கண்ணாடிக் கீற்று மாதிரி உடம்போடு, கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்தவர்கள். சேற்றாயி தைரியசாலி அல்ல. நெட்டச்சி கூப்பிட்டாள் என்பதற்காக வந்தவள்.

"ஏட்டி, கடிச்சிட்டான்னா?" என்று கேட்டாள்.

"கடிக்கட்டும். ஒருத்தியக் கடிக்க வாயத் திறந்தான்னா, அந்த நேரத்துக்குப் பேச மாட்டான். அதுவே பெரிய நிம்மதி" என்றாள் நெட்டச்சி.

கடிக்கவும் செய்தார்கள். பதினொரு பேர் செத்தார்கள். மற்றவர்கள் நகரவில்லை. ஒன்பதாம் நாள், பசி தாங்காமல், நீர்நாய்கள் பேச்சுக்கு இறங்கி வந்தன.

ஆறு முழுவதும் கூடி ஒரு சட்டம் செய்தது. எழுதிக்கொடுத்தது நாரை. பத்து வயது நிரம்பாத மீனை யாரும் தொடக்கூடாது. பத்து நிரம்பியவர் முட்டையிடக் கடலுக்குப் போக விரும்பினால் அணையின் மதகைத் திறந்துவிட வேண்டும். பத்து நிரம்பியும் ஆற்றிலேயே தங்கிவிட்டவரைத் தின்னலாம். வயதுக்கு அடையாளமாக, நாரை சிப்பி ஓட்டைச் சீவிச் செதில் செய்து எல்லோருக்கும் ஒட்டிவிட்டது. ஆண்டுக்கு ஒரு வளையம் அதில் தானாக விழும். செதில் அரிக்கிறது என்று கெளுத்தி மட்டும் முரண்டு பிடித்துத் தன் முள்ளில் வளையம் போட்டு வாங்கிக்கொண்டது.

விலாங்குகள் அங்கே இல்லை. ஆற்றின் அமைதியைக் கெடுத்த குற்றத்துக்காக, சட்டம் கையெழுத்தான அன்றே அவர்களைப் பாறை இடுக்கில் அடைத்திருந்தார்கள்.

ஒரு மாதம் கழித்து வெளியே விட்டார்கள். விலாங்குகள் நேரே நாரையிடம் போனார்கள்.

"பேரு குடுத்திருந்தீங்களா?" என்றது நாரை.

"எப்படிக் குடுக்க? உள்ள கெடந்தோம்லா" என்றாள் நெட்டச்சி.

"உங்க தரப்புல ஒருத்தரும் வரல. சிப்பி தீர்ந்துபோச்சு. அடுத்த தடவ பாப்போம்."

"அடுத்த தடவ எப்பய்யா?"

"அது இன்னும் முடிவாகல."

பக்கத்தில் ஒரு கெண்டை புதுச் செதில் மினுங்க நின்றது. "உங்கள நெனச்சோம் அக்கா. சத்தியமா நெனச்சோம். வரிசை ரொம்ப நீளமா இருந்துச்சு, அதான் யாரும் வாயத் தொறக்கல" என்றது. நெட்டச்சி திரும்பி நீந்தினாள். சேற்றாயி மட்டும், "செதில் நல்லாருக்கு" என்றாள். உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

ஆண்டுகள் போயின. சட்டம் மற்ற மீன்களுக்கு நன்றாக வேலை செய்தது. விலாங்கு அகப்பட்டால் நீர்நாய், "இது கிழடு. இல்லையென்றால் அத்தாட்சி எங்கே?" என்று தின்றது. விலாங்கு கடலுக்குப் போக மதகுக்கு வந்தால் காவல் ஆமை, "நீ சின்னப்புள்ள. இல்லையென்றால் அத்தாட்சி எங்கே?" என்று திருப்பி அனுப்பியது. தின்ன வந்தவனுக்கு முன்னால் கிழவி, மதகுக்கு முன்னால் குழந்தை. இரண்டும் ஒரே சட்டத்தின்படிதான் நடந்தது. கடலுக்கு யாரும் போகாததால் கடலிலிருந்து குஞ்சும் ஏறி வரவில்லை. கடைசியில் ஆற்றில் ஒன்பது விலாங்குகள் மிஞ்சினார்கள். ஒன்பது பேரும் ஒரே வெள்ளத்தில் வந்தவர்கள்.

அந்த ஐப்பசியில் ஒன்பது பேருக்கும் வயிறு வெள்ளியாக வெளுத்தது, கண் பெரிதாயிற்று, இரை இறங்கவில்லை. முட்டை கனத்துவிட்டது என்பதற்கு அதுதான் அறிகுறி. விலாங்கு தன் வாழ்நாளில் ஒரே தடவைதான் முட்டையிடும், அதையும் ஆழ்கடலில்தான் இடும், இட்டதும் செத்துவிடும். வெள்ளம் வடிந்தால் முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஒன்பது பேரும் மதகுக்குப் போனார்கள். சேதி கேட்டு நாரை வந்தது. வேடிக்கை பார்க்க ஒரு நீர்நாயும் வந்து கல்மேல் மல்லாந்து படுத்துக்கொண்டது.

"ஆமை அண்ணாச்சி, மதகத் தொறங்க" என்றாள் நெட்டச்சி.

"எனக்கு மட்டும் ஆசையில்லயா தாயி? எழுதுனது நாரை ஐயா. நான் நிக்கச் சொன்ன எடத்துல நிக்கிறவன்" என்றது ஆமை.

"அத்தாட்சி காட்டினா தொறக்கலாம்" என்றது நாரை. "செதில் உண்டா? முள் உண்டா? ஒண்ணுமில்லாத மொட்டைத் தோல வெச்சுக்கிட்டு வயசாச்சு வயசாச்சுன்னா?"

நீர்நாய் சிரித்தது. "எதுக்கு இந்தப் பாடு? கடலுக்குப் போனாலும் சாகத்தான போறீங்க. இங்கயே செத்தா நமக்கும் பிரயோசனம்."

"கடல்ல செத்தா லட்சம் பிள்ளைங்க. உன் வாயில செத்தா ஒரு ஏப்பம்" என்றாள் நெட்டச்சி.

பிறகு அவள் நாரையிடம் சொன்னாள்: "மேல இல்லாதது உள்ள இருக்கலாம்யா. ஒவ்வொரு வெள்ளத்தையும் இந்தக் காதாலதான் கேட்டிருக்கேன். ஒண்ணுகூட மறக்கல. காதுக்குள்ள பாருங்க."

"காதுக்குள்ள எப்படிப் பாக்க?"

"உங்க அலகு எதுக்கு இருக்கு?"

நாரை தன் அலகைப் பார்த்துக்கொண்டது. காதுக்குள் பார்க்க ஒருத்தியின் தலையைப் பிளந்தாக வேண்டும்.

"நாங்க ஒன்பது பேரும் ஒரே வெள்ளத்துக்காரங்க" என்றாள் நெட்டச்சி. "ஒருத்திக்குப் பார்த்தது எட்டுப் பேருக்கும் செல்லணும். அத இப்பவே, இத்தன பேரு முன்னால, ஒத்துக்கிடுங்க."

நாரை யோசித்தது. காதுக்குள் ஒன்றும் இருக்காது என்று அது நம்பியது. ஆகவே ஒத்துக்கொண்டது.

உனக்குப் பதில் நான் தலையைக் கொடுக்கிறேன் என்று சொல்லச் சேற்றாயி வாய் திறந்தாள். வயிற்றில் முட்டைகள் கனத்தன. சொல்லாமலே வாயை மூடிக்கொண்டாள். நெட்டச்சி அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது தெரிந்துவிட்டது என்பது சேற்றாயிக்கும் தெரிந்தது.

"நீ முன்னால நில்லுட்டி" என்றாள் நெட்டச்சி. "தொறந்ததும் திரும்பிப் பாக்காதே. பின்னால வாரவளுக்கு வழி அடைச்சிரும்."

அவள் கரையோரக் கல்லில் தலையை வைத்தாள். நாரை ஒரே கொத்தில் பிளந்தது. அலகை உள்ளே விட்டுத் துழாவியது. எடுத்தபோது நுனியில் ஒரு கல் இருந்தது, அரிசிக் குருணையைவிடச் சிறியது, வெண்மையானது. வெயிலில் பிடித்துப் பார்த்தார்கள். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியது போல, அதில் வளையத்துக்குள் வளையமாக இருந்தது.

ஆமை எண்ணியது. பதினொன்று.

நாரைக்கு முகம் சுருங்கியது. "நடுவுல இருக்கிறது கடல்ல விழுந்த வளையம். கடல் வருஷம் ஆத்துச் சட்டத்துல செல்லாது. பத்து" என்றது.

"பத்து போதும்லா?" என்றது ஆமை.

"பத்து நிரம்பியிருக்கணும். கடைசி வளையத்தப் பாரு. ஓரம் இன்னும் மூடல. ஒன்பதே முக்கால்னு வேணும்னா எழுதலாம்."

அப்போதுதான் சேற்றாயி வாழ்க்கையில் முதல் தடவையாக, நெட்டச்சி சொல்லிக்கொடுக்காத ஒரு வார்த்தையைப் பேசினாள்.

"அது மூடுறதுக்குள்ள நீங்கதான கொன்னீங்க ஐயா."

நாரை அலகைத் திறந்தது. கல் கீழே விழுந்தது. வேறெதையோ தேடுவதுபோல அது சட்டத்தில் பார்க்க ஆரம்பித்தது. அது தேடி முடிக்கும்வரை ஆமை காத்திருக்கவில்லை. நிற்கச் சொன்ன இடத்தை விட்டு நகர்ந்து, முதுகை மதகுப் பலகைக்கு அடியில் கொடுத்து எழுந்து நின்றது.

வெள்ளம் இழுத்தது. சேற்றாயி முன்னால் போனாள். திரும்பிப் பார்க்கவில்லை. எட்டுப் பேரும் உப்புத் தண்ணீருக்குள் இறங்கினார்கள். அவர்களை அதன்பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஆமைக்கு வேலை போயிற்று. மதகைத் திறந்தது ஏற்பாட்டின்படிதான் என்று காட்ட நாரை சட்டத்தில் ஒரு வரி சேர்த்துக்கொண்டது: விலாங்கின் வயதை அதன் காதில் பார்த்துக்கொள்ளலாம். நெட்டச்சியின் உடம்பை நீர்நாய் கேட்டது. மதகு திறந்த பிறகு அவள் பத்து நிரம்பியவள் என்றே தீர்ப்பாகிவிட்டதால் தடை எதுவும் இல்லை.

பின்னொரு மழைக்காலத்தில் கண்ணாடிக் கீற்றுகள் மாதிரி குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக ஆற்றில் ஏறின. அவற்றுக்கும் செதில் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை. காதில் கல் இருக்கும்போது செதில் எதற்கு?

அன்று ஏற்பட்ட வழக்கம்தான் இன்றும் நடக்கிறது. உயிரோடு இருக்கிற விலாங்கிடம் யாரும் வயது கேட்பதில்லை. இந்த இனம் அழியக்கூடாது என்று மெய்யான அக்கறையோடு ஆராய வருகிறவர்கள்கூட, முதலில் ஒன்றைக் கொன்று, காதுக் கல்லை எடுத்து, வளையத்தை எண்ணிவிட்டுத்தான், மற்றவற்றை வாழ விடுங்கள் என்று சொல்கிறார்கள்.