மண்ணோடு இறங்கிய பூண்டு

மலை சரிந்த ஊரில் எல்லைக்கல் இருந்த இடத்தில் இருப்பதில்லை. ஆகவே இந்த வழக்கை நீங்களே தீர்த்துப் பாருங்கள்.

கொடைக்கானலுக்கும் மேலே, பூண்டு விளையும் ஒரு மலையூர். மேல்காடு வேலாண்டியுடையது. அதற்கு நேர் கீழே சின்னக்காளையின் காடு. ஐப்பசியில் வேலாண்டி பூண்டு நட்டு முடித்ததும் மழை பிடித்தது. விடவில்லை. மேல்காடு பூண்டோடு அப்படியே இறங்கிக் கீழ்க்காட்டின் மேல் உட்கார்ந்தது. காவல் குடிசையில் சின்னக்காளையின் மனைவி பொன்னுத்தாயி இருந்தாள். அவளைத் தோண்டி எடுத்து அடக்கம் செய்தார்கள். மேலே வெறும் பாறை மிஞ்சியது.

சின்னக்காளை அதன்பின் காட்டுப் பக்கம் போகவில்லை. வேலாண்டியும் பாறையை ஒருமுறை பார்த்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டார். சரிந்த மண்ணில் பூண்டு தானாக முளைத்தது, வரிசை இல்லாமல், கோணல்மாணலாக. கூலிக்குக் களையெடுக்கும் பூவாத்தாளுக்கு அந்த வருடம் வேலை தர ஒரு காடும் இல்லை. யாரும் கூப்பிடாமலே வந்து களையெடுத்தாள், மண் அணைத்தாள். குடிசை இருந்த இடத்தை மட்டும் தொடவில்லை.

மாசியில் பூண்டின் தாள் பழுத்து அறுவடைக்கு வந்தது. பருத்த பூண்டைக் கட்டி அடுப்புக்கு மேல் புகையில் தொங்கவிடுவது அந்த ஊர் வழக்கம். அடுத்த நடவுக்கு அதுதான் விதை. மற்றக் காடுகளில் நட்டிருந்த பூண்டை ஓடை கொண்டுபோயிருந்தது. ஊருக்கு மிஞ்சிய விதை இது ஒன்றுதான். அதுவும் ஒரு காட்டுக்கே காணும்.

வேலாண்டி சாக்கோடு வந்தார். சின்னக்காளை வெறுங்கையோடு வந்தார்.

"நட்டது நான். பூண்டு எனக்குத்தான் மாப்ளே."

"எடுத்துக்கங்க மாமா. மண்ணும் உங்களுதுதானே, அதையும் அள்ளிட்டுப் போங்க."

"மண்ணை நானா அனுப்புனேன்?"

"அப்ப பூண்டை மட்டும் சொல்லி அனுப்புனீங்களோ? என் நிலத்துல கிடக்கு. எனக்குத்தான்."

வேலாண்டி சாக்கை மடித்தார். பிறகு பிரித்தார்.

"ரெண்டு அண்ணனும் பேசிக்கிட்டே இருங்க, ஒரு மழை விழுந்தா உள்ளயே அழுகிரும்" என்றாள் பூவாத்தாள். "என் கை படலேன்னா இது களைக்காடு. எனக்குக் குடுங்க. குத்தகைக்கு ஒரு காடு புடிச்சு நட்டுக்கிறேன்."

நட்டவர் ஒருவர். நிலம் இன்னொருவருடையது. வளர்த்தவள் ஒருத்தி. விதை யாருக்குச் சேரும்?

விடை: விதை வேலாண்டிக்கு. ஒருவர் நட்டதை மலை இடம் மாற்றலாம், ஆள் மாற்ற முடியாது. ஆனால் சின்னக்காளையின் கேள்வி அப்படியே நிற்கிறது. பூண்டை என்னுடையது என்பவர் மண்ணையும் என்னுடையது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த மண் இனி மேலே ஏறாது. ஆகவே அவர்தான் இறங்கி வந்து அங்கே நட வேண்டும். விளைவதில் நிலத்துக்காரருக்குப் பாதி. பூவாத்தாளுக்குக் கூலி, விதைப்பூண்டாகவே. ஊரும் இப்படித்தான் முடித்தது. வேலாண்டி இறங்கி நட்டார். சின்னக்காளை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. குடிசை இருந்த இடத்தில் தானாக முளைத்த பூண்டும் விளைந்து காய்ந்து நின்றது. அதை யாரும் பங்கில் சேர்க்கவில்லை.