அம்மா போய்வரும் இடம்

மலையடி மடத்தில் அப்போது பெண்கள் மட்டும்தான் இருந்தோம். குருவை அம்மா என்றே கூப்பிடுவோம். இன்று அந்த மடத்துக்குப் பெரிய கேட்டும் காவலாளியும் வந்தாயிற்று. அன்று ஓட்டுக் கூரையும் அடுப்புப் புகையும்தான்.

குருபூஜைக்குப் பொரிவிளங்காய் உருண்டை பிடிப்போம். பாகு சற்று முற்றிவிட்டால் அது கல்தான். அம்மாவுக்கு அறுபது தாண்டியிருந்தது. ஓர் உருண்டையை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். அந்தச் சத்தம் கூடம் முழுக்கக் கேட்கும். எங்கள் உருண்டைகளை நாங்கள் துணியில் சுற்றி அம்மிக்கல்லில் தட்டிக்கொண்டிருப்போம். எல்லாம் தவத்தின் பலம் என்று பேசிக்கொள்வோம்.

தையில் ஒரு தடவை, ஆடியில் ஒரு தடவை அம்மா தனியாகத் தென்காசி பஸ் ஏறுவார். எதற்கென்று நாங்கள் கேட்டதில்லை. அங்கே அம்மாவுக்கும் ஒரு குரு இருக்கிறார், ரகசிய உபதேசம் வாங்கி வருகிறார் என்பது எங்கள் முடிவு. திரும்பி வந்த அன்று அதிகம் பேசமாட்டார். காபியைக்கூட நன்றாக ஆறவைத்துத்தான் குடிப்பார். அதை விரதம் என்று நினைத்தோம்.

சாயங்காலப் பாட்டைத் தொடங்குபவள் செண்பகவல்லி. நாற்பத்தைந்து வயது. அவள் குரலுக்காகவே கீழத்தெருவிலிருந்து ஆட்கள் வருவார்கள். ஒரு வருஷம் அவளுடைய கீழ்ப்பல் ஒன்று விழுந்தது. பக்கத்துப் பல்லும் ஆடத் தொடங்கியது. பாடும்போது வார்த்தைக்கு நடுவே காற்று வந்தது.

“பாட்டோட விசிலும் வருதுடி” என்று சமையற்கட்டில் பரிபூரணம் சொன்னாள். செண்பகவல்லியும் சேர்ந்து சிரித்தாள். அப்புறம் மாட்டுக் கொட்டிலில் போய் அழுதாள்.

தேய்த்தால் ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டுத்தான் அவள் பல் தேய்ப்பாள். பல்லின் அடியில் மஞ்சளாகக் காரை கட்டியிருந்தது. டாக்டரிடம் போகலாமே என்றால், அந்தக் காரைதான் பல்லைப் பிடித்து நிறுத்தியிருக்கிறது, சுரண்டினால் எல்லாம் கொட்டிவிடும், எங்கள் அத்தைக்கு அப்படித்தான் ஆயிற்று என்பாள். நாங்களும் ஆமாம் என்போம்.

ஆடி பிறந்தது. அம்மா பஸ்ஸுக்குக் கிளம்பும்போது செண்பகவல்லி காலில் விழுந்தாள். குருபூஜைப் பாட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னாள்.

“பையை எடுத்துக்கிட்டு வா” என்றார் அம்மா.

பிற்பாடு அவள் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடிப்படி. மேலே ஒரு பல் ஆஸ்பத்திரி. டாக்டருக்கு அம்மாவின் பேத்தியாகும் வயதுதான் இருக்கும். அம்மா நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். டாக்டர் சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள்.

“பாட்டிம்மா, கீழ்ப்பல்லுக்கு உள்பக்கம் மறுபடியும் தேய்க்காம விட்டிருக்கீங்க. போன தடவையும் இதைத்தானே சொன்னேன்?”

மடத்தில் யாரும் அம்மாவிடம் குரல் உயர்த்தியதில்லை. அம்மா திறந்த வாயோடு தலையை மட்டும் ஆட்டினார்.

தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு ஒரு கருவி கிர்ர் என்று பற்களைச் சுற்றிவந்தது. முடிந்ததும் அம்மா வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்து, செண்பகவல்லியை உட்காரச் சொன்னார்.

அவள் அத்தையின் கதையைச் சொன்னாள். டாக்டர் சிரிக்கவில்லை. காரை பல்லைத் தாங்குவதில்லை, அதுதான் ஈறைக் கரைத்துக்கொண்டிருக்கிறது என்றாள். விழுந்தது விழுந்ததுதான், ஆடுகிற பல் நிற்கலாம்.

“நிக்கும்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா இன்னைக்கு ஒரு நாளோட முடியாது. நீங்க வந்துக்கிட்டே இருக்கணும்.”

செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது பல்லிடுக்கில் காற்று சில்லென்று போயிற்று. பல் விழுந்துவிட்டதோ என்று நாக்கால் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாளாம். விழவில்லை. வழுவழுவென்று இருந்ததாம். பாவாடை கட்டிக் கரும்பு கடித்துத் திரிந்த நாளில் வாய் இப்படித்தான் இருந்தது, அதை மறந்தே போயிருந்தேன் என்று எங்களிடம் சொன்னாள். அதைக் கேட்டு நாங்களும் நாக்கால் எங்கள் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டோம்.

குருபூஜைக்குள் பல்லின் ஆட்டம் குறைந்திருந்தது. அவள்தான் பாடினாள். விழுந்த பல்லின் சந்தில் கொஞ்சம் காற்று வரத்தான் செய்தது. பரிபூரணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பாட்டு முடிந்து உருண்டைத் தாம்பாளம் வந்தது. செண்பகவல்லி அதை அம்மாவிடம் நீட்டியபடியே கேட்டாள்.

“அம்மா, நாங்க எந்திரிக்கறதுக்கு முன்னாடியே கிணத்தடியில நின்னு அம்புட்டு நேரம் பல்லு தேய்க்கிறீங்க. பிறகும் எதுக்கு இன்னொருத்தர்கிட்ட வாயைக் காட்டணும்?”

அம்மா ஓர் உருண்டையை எடுத்துக்கொண்டார்.

“விட்டுப்போன இடம் எதுன்னு எனக்கே தெரிஞ்சிருந்தா, விட்டிருப்பேனா செண்பகம்?”