கடைசிச் சொட்டு

வேலாயுதப்பெருமாளுக்கு மூன்று பெண்கள். ஆகவே மருமகன்களும் மூன்று. மூத்தவரையும் அடுத்தவரையும் அவர் வாய் நிறைய "மாப்பிள்ளை" என்று கூப்பிடுவார். மூன்றாவது மருமகன் சொரிமுத்து மட்டும் அவருக்கு "செண்பகத்தைக் கட்டினவன்". நேரில் கூப்பிட வேண்டி வந்தால் கையைத் தட்டுவார். கல்யாணமாகி நாலு வருஷமாக இப்படித் தட்டிக்கொண்டிருந்தார்.

சொரிமுத்துவுக்கு இது பெரிய மனக்குறை. கருவேலங்குறிச்சி பஜாரில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் அவன். எதைக் கொடுத்தாலும், மேலே ஈ உட்கார்ந்திருந்தால் ஈயோடு சேர்த்து, அச்சு அசலாக எடுத்துக் கொடுப்பான். அப்படிப்பட்டவனுக்கு மாமனார் வாயிலிருந்து ஒரே ஒரு 'மாப்பிள்ளை' வரவில்லையென்றால் வருத்தமாக இருக்காதா?

அதற்கு ஒரு வாய்ப்பு வந்தது. மாமனார் காசிக்குப் போனார். அவருடைய பழைய சாம்பல் நிறக் காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றுவதை இருபது வருஷமாக வீட்டிலேயே வைத்து அவரே செய்து வந்தார். எந்த மெக்கானிக்கும் அதைத் தொட்டது கிடையாது. இந்த முறை போகும்போது ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போனார்: "ஞாயிறு மதியம் மூன்றரை ரயிலுக்கு வருவேன். அன்று காலை ஆயில் மாற்றி, வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டு வரவும். ஆட்டோவில் ஏற மாட்டேன்." அதன்கீழ் ஒன்பது விதிகள். ஒன்பதாவது விதி: "எழுதியபடி செய்யவும். சொந்த மூளையை உபயோகிக்க வேண்டாம்."

அந்த ஒன்பதாவது விதியில் மட்டும் மூன்று மருமகன்களுக்கும் நல்ல அனுபவம் இருந்தது.

"இந்தத் தடவயாவது நல்ல பேரு வாங்குங்க. சொதப்புனீங்கன்னா எங்கப்பா காலம் முச்சூடும் கையத்தான் தட்டுவாரு" என்று செண்பகம் சொல்லி அனுப்பினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை மூவரும் மாமனார் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். மூத்தவர் ஆவுடையப்பன், டீக்கடைக்காரர். அடுத்தவர் இசக்கிமுத்து, பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைத் திறந்து மூடுகிறவர். சொரிமுத்து விதிகளை ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தான்.

"முதல் விதி. பழைய துணியாக உடுத்திக்கொள்ளவும்" என்று வாசித்தார் ஆவுடையப்பன்.

"என் கைலி பழசுதான் அண்ணாச்சி" என்றான் சொரிமுத்து.

"எத்தன வருசம்?"

"மூணு."

"மூணு வருசமெல்லாம் ஒரு பழசாவே? இந்த வீட்டுல இருக்கிறதுலயே பழசு எதுன்னு பாக்கணும்லா."

பெட்டி பெட்டியாகத் தேடினார்கள். கடைசியில் பரணிலிருந்த டிரங்குப் பெட்டிக்குள் கிடைத்தது, மாமனார் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டு வேட்டி. நாற்பத்தோரு வருஷத்துப் பழசு. ஒரு வேட்டிதான் இருந்ததால், சின்னவன் என்ற முறையில் சொரிமுத்து அதைக் கட்டிக்கொண்டு காருக்கு அடியில் போவதென்று முடிவாயிற்று. சரிகை வெயிலில் மின்னியது.

இரண்டாவது விதி, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தவும். இசக்கிமுத்து முற்றத்தில் ஒரு கோலிக்குண்டை வைத்தார். அது கிழக்கே ஓடியது. கிழக்குப் பக்கச் சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்தார்கள். பலகை மேல் வைத்துப் பார்த்தால் கோலி மேற்கே ஓடியது. மேற்கிலும் பலகை கொடுத்தார்கள். கோலி கடைசியாக அசையாமல் நின்றபோது கார் இரண்டடி உயரத்தில் இருந்தது. கோலி பலகை இடுக்கில் சிக்கிக்கொண்டதால்தான் நின்றது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

மூன்றாவது விதி, எஞ்சினை ஓடவிட்டு, கை பொறுக்கும் சூடு வந்ததும் நிறுத்தவும்.

ஐந்து நிமிஷம் கழித்து ஆவுடையப்பன் எஞ்சின்மேல் கையை வைத்தார். "பச்சத் தண்ணி மாதிரி இருக்கு. ஓடட்டும்" என்றார். முப்பது வருஷமாகக் கொதிக்கிற பாலை ஆற்றிய கை அது. எந்நேரமும் ஈரத்திலேயே இருக்கும் கையை இசக்கிமுத்து நீட்டினார், உடனே "எம்மா!" என்று அலறினார்.

"யார் கை பொறுக்கணும்னு எழுதலியே" என்றான் சொரிமுத்து.

"எழுதுனது மாமா. அப்போ மாமா கைதான்" என்றார் ஆவுடையப்பன்.

மாமாவின் கை ரயிலில் வந்துகொண்டிருந்தது. போன் போட்டார்கள். "மாமா, உங்க கை எவ்வளவு சூடு பொறுக்கும்?"

கொஞ்சமும் யோசிக்காமல் பதில் வந்தது. "ஆத்தாத காப்பி டம்ளரப் பிடிப்பேன்."

ஒரு டம்ளர் காப்பி வந்தது. சொரிமுத்து ஒரு கையில் டம்ளரையும் மறு கையில் எஞ்சினையும் பிடித்துக்கொண்டு நின்றான். காப்பி ஆறிக்கொண்டே வந்தது, எஞ்சின் சுட்டுக்கொண்டே போனது. இரண்டும் சந்தித்த அந்த ஒரு கணத்தில் "ஆச்சு!" என்று கத்தினான். மூவரும் கை குலுக்கிக்கொண்டார்கள்.

நான்காவது விதி, அடியிலுள்ள திருகைக் கழற்றி, பழைய ஆயிலைக் கடைசிச் சொட்டுவரை வடியவிடவும்.

சொரிமுத்து பட்டு வேட்டியோடு அடியில் போய்த் திருகைக் கழற்றினான். கறுப்பு ஆயில் பேசினில் பொதபொதவென்று கொட்டியது. பிறகு நூலாக இழிந்தது. பிறகு சொட்டியது. அங்கேதான் சிக்கல் தொடங்கியது.

"இதுதான் கடைசியா?" என்று வெளியிலிருந்து கேட்டார் ஆவுடையப்பன்.

"ஆமா அண்ணாச்சி. இல்ல, இன்னொண்ணு விழுந்துட்டு."

"இப்ப?"

"இதுதான் கடை... இல்ல அண்ணாச்சி."

குழாய்ச் சொட்டு விஷயத்தில் ஊரிலேயே இசக்கிமுத்துவை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் கண்ணை மூடி யோசித்துவிட்டுச் சொன்னார். "விழும்போது எல்லாச் சொட்டும் கடைசிச் சொட்டுதான்வே. அடுத்தது விழுந்த பொறவுதான் அதுக்கு அந்தப் பட்டம் போவுது."

"அப்போ திருக எப்பப் பூட்ட?" என்று கேட்டான் சொரிமுத்து.

"ஒரு சொட்டு விழுந்து அரை மணி நேரம் வேற விழலன்னா, அதுதான் கடைசி. விழுந்துட்டா மறுபடியும் மொதல்லேருந்து அரை மணி."

இவ்வளவு தெளிவான யோசனை அந்த வீட்டில் அதற்குமுன் தோன்றியதில்லை. மூவரும் பேசினைச் சுற்றிப் படுத்தார்கள். இருபத்தெட்டாவது நிமிஷத்தில் ஒன்று விழுந்தது. அடுத்தது இருபத்தாறாவது நிமிஷத்தில். புது ஆயில் டப்பா பிரிக்கப்படாமல் வாசலில் உட்கார்ந்திருந்தது.

மணி மூன்றானது. சொரிமுத்து தாளை எடுத்துப் பார்த்தான். "அண்ணாச்சி, ரயிலு வந்துரும். மாமா தேடுவாரு."

"ஆயில் இல்லாம எஞ்சின் ஓட்டக் கூடாது, எட்டாவது விதி. கடைசிச் சொட்டு விழாமத் திருகப் பூட்டக் கூடாது, நாலாவது விதி. வண்டியத் தள்ளக் கூடாதுன்னு விதி இருக்கா?" என்று கேட்டார் ஆவுடையப்பன்.

மூன்று ஜெராக்ஸிலும் தேடினார்கள். இல்லை.

பேசினைக் கயிறு போட்டுக் காருக்கு அடியிலேயே கட்டினார்கள். பலகையிலிருந்து இறக்கித் தள்ளினார்கள். பத்தடிக்கு ஒருமுறை நிறுத்தி, சொரிமுத்து அடியில் புகுந்து பார்த்துவிட்டு வந்தான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு சொட்டு விழுந்தது. அரை மணிக் கணக்கு ஆரம்பமாகிக்கொண்டே இருந்தது.

பஜாரில் பஞ்சர் கடைக்காரர் பரிதாபப்பட்டு ஓடி வந்தார். "ஏய்யா, திருகப் பூட்டி, புது ஆயில ஊத்தி, ஓட்டிக்கிட்டுப் போங்களேன்!"

"சொந்த மூளைய உபயோகிக்கக் கூடாதுன்னு எழுதிருக்குவே" என்றார் இசக்கிமுத்து.

"ஒங்க மூளை வேண்டாம்யா. எம் மூளையச் சொல்லுதேன்."

மூவரும் ஓரமாகப் போய்க் கலந்து பேசினார்கள். "அடுத்தவம் மூளைய எடுத்தா அது களவுல்லா" என்று ஆவுடையப்பன் தீர்ப்புச் சொன்னார். தள்ளினார்கள்.

ஸ்டேஷன் வாசல் வேகத்தடையில் கார் ஏறி இறங்கியபோது ஒரு சொட்டு விழுந்தது. மணி நாலே முக்கால். வேலாயுதப்பெருமாள் கங்கைச் சொம்பை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தன் காரைப் பார்த்தார். வியர்த்து வழிகிற மூன்று மருமகன்களைப் பார்த்தார். கறுப்பு ஆயில் பூசிக் கிடந்த தன் கல்யாண வேட்டியைப் பார்த்தார்.

சொரிமுத்துவுக்கு உயிரே போய்விட்டது. இனி செண்பகம் முகத்தில் எப்படி விழிப்பது?

மாமனார் எழுந்து வந்து வேட்டியின் கரையைத் தொட்டுப் பார்த்தார். "வீட்டுல இதவிடப் பழசு இல்லியோ?"

"இல்ல மாமா. நல்லாத் தேடிப் பாத்துட்டோம்" என்றான் சொரிமுத்து.

"அது சரி. ஆயில்?"

"இன்னும் கடைசிச் சொட்டு விழல மாமா. காலையிலேருந்து காத்துக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லி, அரை மணிக் கணக்கையும் ஒப்பித்தான். தலை தானாகக் குனிந்தது.

மாமனார் குனிந்து பேசினை எட்டிப் பார்த்தார். "இருபது வருசமா நானே மாத்துதேன். ஒரு தடவகூட கடைசிச் சொட்ட நான் பாத்ததில்ல. பொறுமையில்லாமத் திருகப் பூட்டிருவேன். அந்தக் குறை இன்னும் எம் மனசுல கெடக்கு."

சொம்பைப் பெஞ்சில் வைத்துவிட்டு, காருக்கு அடியில் புகுந்தார். மருமகன்களும் புகுந்தார்கள். நாலு பேரும் குப்புறப் படுத்து, பேசினைச் சுற்றித் தலையை நீட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் பார்த்தார்கள். பத்து நிமிஷம். இருபது. இருபத்தைந்து. ஒன்றும் விழவில்லை.

"இருபத்தொம்பது" என்று கிசுகிசுத்தார் இசக்கிமுத்து.

மாமனாருக்குத் திருகு ஓட்டை சரியாகத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவனைத் தோளில் தொட்டார்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க, மாப்பிள்ளை."

சொரிமுத்துவின் காதில் தேன் பாய்ந்தது. நாலு வருஷத்து ஏக்கம் மொத்தமும் கண்ணில் திரண்டு, மூக்கு நுனிவரை உருண்டு வந்து, பேசினுக்குள் டப்பென்று விழுந்தது.

"விழுந்துட்டு!" என்றார் ஆவுடையப்பன்.

"மொதல்லேருந்து அரை மணி" என்றார் இசக்கிமுத்து.

வேலாயுதப்பெருமாள் படுத்தபடியே போனை எடுத்து மகளிடம் பேசினார். "செண்பகம், நாங்க வரத் தாமசமாவும். ராத்திரிச் சாப்பாட்ட ஸ்டேஷனுக்குக் குடுத்து விடு. குழம்பு மட்டும் வேண்டாம்மா, சொட்டிரும்."