பலாப்பிசினும் வறுத்த களிமண்ணும்

பொன்னுரங்கம் தபால் ஆபீசில் ஓய்வு பெற்றவர். மங்கையர்க்கரசி டீச்சரைவிட ரொம்பவே மூத்தவர். ஆனாலும் தண்ணீர் சுத்தம் பண்ணக் கற்றுக்கொள்ள அவரிடம்தான் சிஷ்யனாகச் சேர்ந்திருந்தார். சந்தேகம் கேட்டே உயிரை வாங்குவார்.

அன்று காலை வந்தவர் முகத்தில் ஈயாடவில்லை.

“மானம் போச்சு டீச்சர். வடிகட்டின பிறகும் கிணத்துத் தண்ணியில பக்கத்து பெயின்ட் பட்டறை நாத்தம் அப்படியே இருக்கு. சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணலைன்னா பஞ்சாயத்துல கிணத்தை மூடிடுவாங்க. எங்க தெருவுக்கு இருக்கிறதே அது ஒண்ணுதான்!”

“நான் குடுத்த களிமண்ணு வழியா விட்டீங்களா?”

“விடாமயா? ஏதோ சோப்பு மருந்து கலந்திருந்தீங்களே, அது கையில பிசுபிசுன்னு ஒட்டுச்சு. இந்த அழுக்கோடவா தண்ணியில போடறதுன்னு வாணலியில நல்லா வறுத்துட்டேன். புகையா போய், மண்ணு சும்மா பளிச்னு ஆயிடுச்சு!”

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பொன்னுரங்கத்துக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளே போன டீச்சர் ஒரு பலாப்பழமும் கத்தியும் கொண்டுவந்து வைத்தார்.

“அறுங்க ஐயா.”

“இப்பவா? சரி... கைக்கு எண்ணெய் குடுங்க.”

“எண்ணெய் எதுக்கு? பிசுபிசுன்னு ஒரே அழுக்கு. அப்படியே அறுங்க.”

பலாவுக்குப் பேர்போன பண்ருட்டிக்காரரிடம் சொல்கிற பேச்சா இது! இருந்தாலும் குரு சொல்லாச்சே என்று அறுத்தார். விரலெல்லாம் பிசின். குழாயடியில் போய்க் கழுவு கழுவென்று கழுவினார். ஒன்றும் போகவில்லை.

டீச்சர் அவர் கையில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் ஊற்றினார். தேய்த்ததும் பிசின் கழன்று வந்தது.

பொன்னுரங்கம் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அடப்பாவி! பெயின்ட் நாத்தமும் எண்ணெய்ச் சரக்குதானே. அதைப் பிடிக்கிற பிசுபிசுப்பையா வறுத்துத் தொலைச்சேன்?”

“புது மண்ணு அந்த டப்பாவுல இருக்கு. ஓடுங்க.”

ஓடினார். அந்த வயசில் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை.

சாயங்காலம் பஞ்சாயத்துத் தலைவர் வடிகட்டின தண்ணீரை முகர்ந்து பார்த்தார். மறுபடி முகர்ந்தார். “நாத்தமே இல்லையேப்பா!” என்றார். மூட வந்த மண் லாரி வந்த வழியே திரும்பியது. ஆய்வகச் சோதனை முடியும்வரை குடிக்கக் கூடாது என்று டீச்சர் சொல்லியிருந்ததற்காகக்கூட யாரும் வருத்தப்படவில்லை. கிணறு பிழைத்ததே என்று தெருவே கூத்தாடியது.

மறுநாள் பொன்னுரங்கம் பெரிய பலாப்பழம் ஒன்றோடு வந்து, டீச்சர் முன்னால் அறுக்க உட்கார்ந்தார்.

“கை சுத்தமா இருக்கா ஐயா?” என்றார் டீச்சர்.

பொன்னுரங்கம் எண்ணெய் வழிகிற இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினார்.